ஏஐ உள்ளே என்ன நடக்கிறது? கணினி படிக்காதவர்களுக்கு ஒரு விளக்கம்

கேள்வி இது: "நான் வரலாறு படித்தவள். கணக்கைப் பள்ளியோடு விட்டுவிட்டேன். செயற்கை நுண்ணறிவு (ஏஐ), மெஷின் லேர்னிங், நியூரல் நெட்வொர்க், சாட்ஜிபிடி என்று தினமும் காதில் விழுகிறது. கட்டுரைகளை எடுத்தால் ஒன்று சூத்திரமாக இருக்கிறது, இல்லையென்றால் மாயாஜாலம் போல எழுதியிருக்கிறார்கள். உள்ளே என்னதான் நடக்கிறது? அது சொல்வதை எவ்வளவு நம்பலாம்?"

நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே கேள்விதான் என்பேன். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரிந்துவிட்டால், எங்கே நம்பலாம், எங்கே நம்பக்கூடாது என்பது பெரும்பாலும் தானாகவே பிடிபடும். அதற்குக் கூட்டலும் பெருக்கலும் தெரிந்தால் போதும். வரையறைகளிலிருந்து நான் தொடங்கப் போவதில்லை. அவை மனப்பாடம் ஆகும், மனதில் நிற்காது. ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, ஓர் இயந்திரம் அதை எப்படிக் கற்கிறது என்று கடைசி வரை பார்த்துவிடுவோம்.

வேலை இதுதான்: கையால் எழுதிய ஓர் இலக்கத்தைப் பார்த்து, 0 முதல் 9 வரை அது எது என்று சொல்ல வேண்டும்.

நமக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஆனால் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று எழுதிக் கொடுக்கச் சொன்னால் திணறிப்போவோம். 7 என்றால் மேலே ஒரு படுக்கைக் கோடு, அதன் வலது முனையிலிருந்து கீழே ஒரு சாய்ந்த கோடு. சரி, அந்தப் படுக்கைக் கோடு வளைந்திருந்தால்? நடுவில் ஒரு குறுக்குக் கோடு போட்டு எழுதுபவர்கள் இருக்கிறார்களே? மேல்கோடு குட்டையாகிவிட்டால் அது 1 போலத் தெரியாதா? ஒரு விதி, அதற்கொரு விலக்கு, அந்த விலக்குக்கு இன்னொரு விலக்கு என்று முடிவில்லாமல் போகும்.

பல பத்தாண்டுகளாக இந்தத் துறையின் பெரும்பகுதி உழைப்பு இப்படி விதிகளை எழுதுவதில்தான் போனது. 1955-ல் ஜான் மெக்கார்த்தி, மார்வின் மின்ஸ்கி, நதானியேல் ரோச்செஸ்டர், கிளாட் ஷானன் ஆகிய நால்வர், அடுத்த ஆண்டு அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் நடத்தவிருந்த ஆய்வுக் கூட்டத்துக்கு ஒரு திட்டம் எழுதினார்கள். செயற்கை நுண்ணறிவு என்று இந்தத் துறை இன்று தாங்கியிருக்கும் பெயர் அந்தத் திட்டத்திலிருந்து வந்ததுதான். தேர்ந்தெடுத்த ஒரு குழு ஒரு கோடைக்காலம் சேர்ந்து உழைத்தால் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் காணலாம் என்று அதில் நம்பிக்கையோடு எழுதியிருந்தார்கள். விதிகள் தெளிவாக இருக்கும் இடங்களில் அந்த வழி நன்றாகவே வேலை செய்தது. 1997 மே மாதம் ஐபிஎம் நிறுவனத்தின் டீப் புளூ என்ற கணினி, சதுரங்க உலகச் சாம்பியன் காரி காஸ்பரோவைத் தோற்கடித்தது. வினாடிக்குச் சுமார் 20 கோடி நிலைகளை அலசும் திறன் அதற்கு இருந்தது. சதுரங்கத்தில் குதிரை எப்படி நகரும் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. கையெழுத்துக்கும் முகத்துக்கும் பேச்சுக்கும் அப்படி எழுதிவைத்த விதிகள் கிடையாது.

அதனால் இன்னொரு வழி. விதியை நாம் எழுதாமல், நிறைய எடுத்துக்காட்டுகளைக் கொடுத்து இயந்திரமே தன்னைச் சரிசெய்துகொள்ளும்படி விடுவது. இதைத்தான் இயந்திரக் கற்றல், மெஷின் லேர்னிங் என்கிறார்கள்.

எம்னிஸ்ட் என்று ஒரு புகழ்பெற்ற படத்தொகுப்பு உண்டு. அதில் கையால் எழுதிய இலக்கங்களின் படங்கள், பயிற்சிக்கு 60,000, தேர்வுக்கு 10,000. எழுதியவர்கள் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஊழியர்களும் உயர்நிலைப் பள்ளி மாணவர்களும். ஒவ்வொரு படமும் 28 கட்டம் அகலம், 28 கட்டம் உயரம். ஆக மொத்தம் 784 கட்டங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் எவ்வளவு மை பட்டிருக்கிறது என்று 0 முதல் 255 வரை ஓர் எண். இயந்திரத்தின் கண்ணில் படுவது இவ்வளவுதான்: 784 எண்கள். வளைவும் கோடும் அதற்குத் தெரியாது.

இப்போது மிக எளிய ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். பத்து இலக்கங்களில் ஒவ்வொன்றுக்கும், ஒவ்வொரு கட்டத்துக்கும் ஓர் எண்ணை வைத்துக்கொள்கிறோம். 784-ஐ 10-ஆல் பெருக்கினால் 7,840 எண்கள். இவற்றுக்கு எடைகள் என்று பெயர். ஒரு படம் வந்ததும், கட்டத்தில் உள்ள மையின் அளவை அந்தக் கட்டத்தின் எடையால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். இப்படிப் பத்து இலக்கங்களுக்கும் பத்துக் கூட்டுத்தொகை வரும். எது பெரியதோ அதுவே பதில்.

தொடக்கத்தில் எடைகள் கண்டபடி போட்ட எண்கள். அதனால் பதில்களும் குருட்டாம்போக்கில்தான் வரும். 5 என்று எழுதிய ஒரு படத்தைக் காட்டுகிறோம், அது 3 என்கிறது. சரியான பதில் 5 என்பது நம்மிடம் இருக்கிறது. உடனே, இந்தப் படத்தில் மை பட்ட கட்டங்களில் 3-க்கான எடைகளைக் கொஞ்சம் குறைக்கிறோம், 5-க்கான எடைகளைக் கொஞ்சம் கூட்டுகிறோம். கொஞ்சம் என்றால் உண்மையிலேயே துளி. ஏனென்றால் இந்த ஒரு படத்துக்காக அதிகம் திருத்தினால், ஏற்கெனவே சரியாகச் சொல்லிக்கொண்டிருந்த வேறு படங்கள் கெட்டுவிடும். அப்புறம் அடுத்த படம். அப்புறம் அதற்கடுத்தது. 60,000 படங்களும் முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

பழைய ரேடியோவில் குமிழைத் திருகி நிலையம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த அலைவரிசை என்று தெரிய வேண்டியதில்லை. ஒரு பக்கம் திருப்பினால் இரைச்சல் கூடுகிறதா, குறைகிறதா என்று காது சொன்னால் போதும், குறையும் பக்கமாகத் திருப்பிக்கொண்டே போகலாம். இங்கே குமிழ்கள் 7,840. இரைச்சலின் இடத்தில் பிழையின் அளவு. ஒவ்வொரு குமிழையும் எந்தப் பக்கம் திருப்பினால் பிழை குறையும் என்பதைக் கணிதம் ஒரே மூச்சில் சொல்லிவிடும். அந்தக் கணக்கு உங்களுக்குத் தேவையில்லை, அப்படி ஒன்று இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

பயிற்சி முடிந்தபின் அந்த எடைகளைத் திறந்து பார்ப்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். 0-க்கான எடைகளைப் படமாக வரைந்தால், நடுவில் உள்ள கட்டங்களில் எதிர்மறை எண்கள் நிற்கும். அதாவது, நடுவில் மை இருந்தால் இது 0 ஆக இருக்க வாய்ப்பில்லை என்று பொருள். 0-வின் நடுப்பகுதி காலியாக இருக்கும் என்று யாரும் அதற்குச் சொல்லித் தரவில்லை. பிழையைக் குறைத்துக்கொண்டே போனதில் அந்த அறிவு எண்களில் படிந்துவிட்டது. இவ்வளவு எளிய அமைப்பே நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் சரியாகச் சொல்லும்.

ஊகி, பிழையை அள, துளி திருத்து. இந்த ஒரு சுழற்சியை நீங்கள் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் இதன் விரிவுதான்.

நியூரல் நெட்வொர்க் என்பது மேலே சொன்ன கூட்டலையும் பெருக்கலையும் அடுக்கடுக்காக வைப்பது. நடுவில் மதிப்புகளை வளைத்துவிடும் ஒரு சிறிய கணக்கும் உண்டு. முதல் அடுக்கின் விடைகள் இரண்டாம் அடுக்குக்கு உள்ளீடு. கீழ் அடுக்குகள் கோடுகளையும் விளிம்புகளையும் பிடிக்கும், மேல் அடுக்குகள் அவற்றைச் சேர்த்து வடிவங்களைப் பிடிக்கும். அடுக்குகள் அதிகமானால் ஆழ்கற்றல் என்பார்கள். மூளை நரம்புகளிடமிருந்து இதற்கான முதல் எண்ணம் வந்தது, பெயரும் அப்படி வந்தது. அதற்கு மேல் மூளையோடு ஒப்பிட்டுக்கொண்டு போனால் குழப்பமே மிஞ்சும். சரியாக அடுக்கினால் இலக்கங்களை அடையாளம் காண்பது நூற்றுக்கு 99-ஐத் தாண்டிவிடும். 1990-களிலேயே பெல் ஆய்வகத்தில் யான் லெகுனின் குழு இத்தகைய வலையமைப்பைக் கொண்டு காசோலைகளில் எழுதிய தொகையைப் படிக்க வைத்திருந்தது.

நீங்கள் வரலாற்றுக்காரர் என்பதால் இதையும் கேட்பீர்கள்: இவ்வளவு பழைய யோசனை என்றால் ஏன் இப்போதுதான் இத்தனை பேச்சு? ஃபிராங்க் ரோசன்பிளாட் இத்தகைய முதல் கற்கும் அமைப்பை 1950-களின் இறுதியிலேயே செய்துகாட்டினார். பல அடுக்குகளுக்குப் பிழையைப் பகிர்ந்து திருத்தும் முறையை 1986-ல் ரூமல்ஹார்ட், ஹிண்டன், வில்லியம்ஸ் மூவரின் கட்டுரை பரவலாக்கியது. குறையாக இருந்தவை இரண்டு: போதிய எடுத்துக்காட்டுகளும், போதிய கணக்கு வேகமும். முதல் குறையை இணையம் தீர்த்தது. இரண்டாவதை வீடியோ கேம்களுக்காக உருவான கிராஃபிக்ஸ் சிப்புகள் தீர்த்தன. ஃபெய்-ஃபெய் லீயின் குழு திரட்டிய இமேஜ்நெட் படத்தொகுப்பை வைத்து நடந்த 2012 போட்டியில், 1,000 வகைப் பொருள்களை அடையாளம் காண வேண்டும். 12 லட்சம் பயிற்சிப் படங்கள். ஹிண்டனின் மாணவர்கள் செய்த அலெக்ஸ்நெட், அப்படிப்பட்ட இரண்டு சிப்புகளில் பயிற்சி பெற்று, 15.3 சதவீதப் பிழையோடு முதலில் வந்தது. இரண்டாமிடம் பெற்றவரின் பிழை 26.2. ஒரு துறை தன் போக்கை அப்படியே திருப்பிக்கொண்ட தருணம் அது.

இனி நம்பிக்கை பற்றி. மேலே சொன்ன எம்னிஸ்டில் 10,000 படங்களைத் தனியே ஒதுக்கி வைத்திருப்பதைக் கவனித்திருப்பீர்கள். பயிற்சியில் பார்த்த படங்களுக்கு விடை சொல்வது பெரிய விஷயமில்லை, மனப்பாடம் செய்தாலும் சொல்லிவிடலாம். பார்க்காத படத்துக்குச் சொல்கிறதா என்பதே கற்றதற்குச் சான்று. ஏதாவது ஒரு ஏஐ கருவி 98 சதவீதம் சரி என்று யாராவது சொன்னால், எந்தப் படங்களில் சோதித்தீர்கள் என்று நீங்கள் தைரியமாகக் கேட்கலாம். அது நிபுணர்கள் கேட்கும் கேள்விதான்.

அந்தக் கேள்வி எவ்வளவு முக்கியம் என்பதற்கு 2018-ல் வெளிவந்த ஓர் ஆய்வைச் சொல்கிறேன். மார்பு எக்ஸ்ரே பார்த்து நிமோனியாவைக் கண்டுபிடிக்கும் ஒரு வலையமைப்பை மூன்று அமெரிக்க மருத்துவ நிறுவனங்களின் படங்களில் சோதித்தார்கள். தான் பயிற்சி பெற்ற மருத்துவமனைப் படங்களில் நன்றாகச் சொன்னது, வெளி மருத்துவமனைப் படங்களில் பல சமயம் தடுமாறியது. தோண்டிப் பார்த்தால், ஒரு படம் எந்த மருத்துவமனையில் எடுத்தது என்பதை அத்தகைய வலையமைப்பு ஏறக்குறைய தவறே இல்லாமல் கண்டுபிடித்துவிடும் என்று தெரிந்தது. அந்த மருத்துவமனைகளில் ஒன்றில் மூன்றில் ஒரு படம் நிமோனியா, மற்றவற்றில் நூற்றுக்கு ஒன்று. எனவே நுரையீரலைப் பார்க்காமல் மருத்துவமனையை அடையாளம் கண்டாலே பாதி மதிப்பெண் கிடைத்துவிடும். இயந்திரம் ஏமாற்றவில்லை. பிழையைக் குறை என்று சொன்னோம், குறைக்க எந்த வழி கிடைத்ததோ அதை எடுத்துக்கொண்டது. நமக்கு வேண்டிய காரணம் ஒன்று, அது பிடித்துக்கொண்ட காரணம் வேறு.

ஒருசார்பு என்று பேசுவதும் இதே வேரிலிருந்து வருவதுதான். அதே 2018-ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மூன்று வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களில் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம். கருநிறப் பெண்களில் 34.7 வரை. சராசரியை மட்டும் பார்த்திருந்தால் இது கண்ணிலேயே பட்டிருக்காது. எடுத்துக்காட்டுகளில் யார் குறைவோ, பிழை அவர்கள் தலையில் விழுகிறது. இதை நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. வேலை விண்ணப்பத்திலும் கடன் விண்ணப்பத்திலும் காவல்துறைத் தேடலிலும் இத்தகைய கருவிகள் நுழைந்துவிட்டன. ஒரு சதவீத எண்ணின் பின்னால் யாரோ ஒருவர் நிற்கிறார்.

இப்போது சாட்ஜிபிடிக்கு வருவோம். இலக்கத்துக்குப் பதில் சொற்கள். வேலை என்ன தெரியுமா? ஒரு வாக்கியத்தின் அடுத்த துண்டு எதுவாக இருக்கும் என்று ஊகிப்பது. அவ்வளவுதான்.

"மழை வரும்போல இருந்ததால் அவள் கையில் குடையை" என்று நிறுத்துகிறேன். உங்கள் மனதில் "எடுத்துக்கொண்டாள்" என்று வந்திருக்கும். "விரித்தாள்" வரலாம், வாய்ப்புக் குறைவு. "சமைத்தாள்" வரவே வராது. சாட்ஜிபிடிக்குள் இருக்கும் வலையமைப்பை மொழி மாடல் என்பார்கள், அது இதைத்தான் செய்கிறது: அடுத்து வரக்கூடிய ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாய்ப்பு மதிப்புப் போட்டு, அதிலிருந்து ஒன்றை எடுக்கிறது. அதைச் சேர்த்து மறுபடி முழுவதையும் பார்த்து அடுத்ததை ஊகிக்கிறது. ஒரே கேள்விக்கு இரண்டு முறை இரண்டு விதமாகப் பதில் வருவதற்கும் இதுவே காரணம், எடுப்பதில் கொஞ்சம் தற்செயல் கலந்திருக்கிறது. பயிற்சிக்கு யாரும் உட்கார்ந்து விடை எழுத வேண்டியதில்லை. இணையத்திலும் புத்தகங்களிலும் உள்ள எந்த வாக்கியத்தையும் பாதியில் மறைத்தால் விடை அங்கேயே இருக்கிறது. அதே சுழற்சி: ஊகி, அள, திருத்து.

துண்டு என்று நான் சொன்னதை டோக்கன் என்பார்கள், ஒரு முழுச் சொல்லாகவோ சொல்லின் பகுதியாகவோ இருக்கும். ஆங்கிலச் சொற்கள் பெரும்பாலும் முழுசாகவே நிற்கும். தமிழ் போல இணையத்தில் எழுத்து குறைவாக உள்ள மொழிகளின் சொற்களை, குறிப்பாகப் பழைய மாடல்கள், சின்னச் சின்னதாக நொறுக்கிவிடும். அந்த மொழிகளில் பதில் தரம் குறைவதற்கு இதுவும் ஒரு காரணம், எடுத்துக்காட்டுகள் குறைவு என்பது பெரிய காரணம்.

2017-ல் கூகுள் ஆய்வாளர்கள் டிரான்ஸ்ஃபார்மர் என்ற வடிவமைப்பை வெளியிட்டார்கள். ஒரு சொல்லை ஊகிக்கும்போது, முன்னால் வந்தவற்றில் எந்தெந்தச் சொற்களை எவ்வளவு கவனிக்க வேண்டும் என்பதையும் அது கற்றுக்கொள்ளும். "அவள்" என்பது பத்து வரிக்கு முன்னால் வந்த யாரைக் குறிக்கிறது என்பது போன்றவை அதனால் சாத்தியமாயின. நம் எளிய அமைப்பில் 7,840 எடைகள். 2020-ல் வந்த, சாட்ஜிபிடிக்கு முன்னோடியான ஜிபிடி-3 மாடலில் 17,500 கோடி. 2022 நவம்பர் 30 அன்று சாட்ஜிபிடி பொதுமக்கள் கைக்கு வந்தது. அதற்கு முன் இன்னொரு கட்டப் பயிற்சியும் நடந்தது: மாடல் தந்த பல பதில்களை மனிதர்கள் ஒப்பிட்டு, எது நல்லது என்று வரிசைப்படுத்தினார்கள், அந்த விருப்பத்துக்கு ஏற்ப எடைகளைத் திருத்தினார்கள். உதவிகரமாகவும் பணிவாகவும் பேசுவது அங்கிருந்து வந்தது. கேட்பவர் சொல்வதற்குச் சட்டென்று ஒத்துப்போகும் பழக்கத்துக்கும் இதில் பங்குண்டு. நீங்கள் தவறான ஒன்றை உறுதியாகச் சொன்னால், பல சமயம் ஆமாம் போட்டுவிடும்.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வியை எடுத்துக்கொள்ளுங்கள். இயந்திரம் கற்றது எது வரக்கூடியது என்பதை. எது உண்மை என்பதைத் தனியாகச் சரிபார்க்கும் இடம் அந்தச் சுழற்சியில் இல்லை. உலகில் பலரும் சரியாக எழுதிவைத்த விஷயங்களில், வரக்கூடியதும் உண்மையும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும், அதனால் பதில் நன்றாக இருக்கும். அரிதான விஷயத்தில், ஒரு குறிப்பிட்ட ஆவணத்தின் எண்ணில், ஒரு மேற்கோளில் இரண்டும் பிரிந்துவிடும். அங்கே மேற்கோள் போலத் தோன்றும் ஒன்று வந்து நிற்கும்.

2023-ல் நியூயார்க்கில் இது நடந்தது. ஒரு விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவில், சாட்ஜிபிடி தந்த முன்தீர்ப்புகளைக் காட்டியிருந்தார்கள். அப்படி எந்த வழக்கும் நடந்ததே இல்லை. இது உண்மையான வழக்கா என்று அதனிடமே கேட்டபோது ஆமாம் என்றது. நீதிபதி 5,000 டாலர் அபராதம் விதித்தார். தீர்ப்பு எப்படி எழுதப்படும், பெயர் எப்படி அமையும், எண் எப்படி வரும் என்பதெல்லாம் மாடலுக்குத் தெரிந்திருந்தது, அந்த வழக்கு மட்டும்தான் இல்லை. இன்றைய பல கருவிகள் இணையத்தில் தேடி மூலத்தையும் காட்டுகின்றன, நிலைமை அந்த அளவுக்கு மேம்பட்டிருக்கிறது. ஆனாலும் மூலத்தைத் திறந்து படிக்கும் வேலை நம்முடையதுதான்.

பலர் நினைக்கும் இன்னொன்றையும் தெளிவாக்கிவிடுகிறேன். நீங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது அது உங்களிடமிருந்து கற்றுக்கொண்டிருப்பதில்லை. பயிற்சி முடிந்ததும் எடைகள் உறைந்துவிடுகின்றன. உரையாடலில் முன்பு சொன்னது நினைவில் இருப்பது போலத் தெரிவதற்குக் காரணம், ஒவ்வொரு முறையும் இதுவரை பேசியது முழுவதும் அதற்கு உள்ளீடாகப் போவதுதான். சில சேவைகள் உங்களைப் பற்றிய குறிப்புகளைச் சேமிக்கும், உரையாடல்களைப் பின்னாளில் பயிற்சிக்கும் எடுத்துக்கொள்ளும். அதனால் பிறருடைய நோய் விவரம், அடையாள எண் போன்றவற்றை அதில் ஒட்டாதீர்கள்.

அது நிஜமாகவே புரிந்துகொள்கிறதா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. 1966-ல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எலைசா என்ற உரையாடல் நிரலை எழுதினார். நாம் சொன்னதையே திருப்பிக் கேள்வியாக்கும் சில விதிகள், அவ்வளவே. அது எழுதப்பட்டதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, அதனோடு பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் தனிமை வேண்டும் என்று அவரை வெளியே போகச் சொன்னதாக வைசன்பாம் எழுதியிருக்கிறார். நன்றாகப் பேசும் எதற்கும் மனம் இருப்பதாக எண்ணிவிடுவது நம் இயல்பு. இது ஒரு பக்கம். மறுபக்கம், இன்றைய மாடல்களை வெறும் கிளிப்பிள்ளை என்று தள்ளுவதும் எனக்குச் சரியாகப் படவில்லை. அடுத்த சொல்லை நன்றாக ஊகிக்க வேண்டுமென்றால் இலக்கணம், காரண காரியம், ஓரளவு உலக நடப்பு ஆகியவற்றின் ஏதோ ஒரு வடிவம் எடைகளில் படிந்திருக்க வேண்டும், 0-வின் காலி நடுப்பகுதி படிந்ததைப் போல. இதே கற்கும் முறையில் உருவான ஆல்ஃபாஃபோல்ட் என்ற அமைப்பு புரதங்களின் முப்பரிமாண வடிவத்தைக் கணிக்கிறது. அதற்காக டெமிஸ் ஹசாபிஸும் ஜான் ஜம்பரும் 2024 வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். ஏதோ ஒன்று உண்மையாகவே கற்கப்படுகிறது. அதன் எல்லை எங்கே என்பது பேச்சின் நயத்தைப் பார்த்துத் தெரியாது, சோதித்தால்தான் தெரியும்.

சோதிப்பதற்கு உங்களைப் போன்றவர்கள்தான் பொருத்தமானவர்கள் என்பது என் கருத்து. நீங்கள் ஆழமாகப் படித்த ஒரு காலகட்டத்தை எடுங்கள். முதலில் பொதுவான கேள்வி கேளுங்கள், அநேகமாக நன்றாகச் சொல்லும். பிறகு குறுக்கிக்கொண்டே போங்கள்: ஒரு குறிப்பிட்ட கல்வெட்டு, ஒரு குறிப்பிட்ட ஒப்பந்தத்தின் பிரிவு, ஒரு நூலின் பக்க எண். எந்த இடத்தில் சறுக்கத் தொடங்குகிறது என்று பாருங்கள், குரல் அப்போதும் அதே உறுதியோடு இருப்பதையும் கவனியுங்கள். அடுத்து, உங்களிடம் உள்ள ஒரு மூல ஆவணத்தையே ஒட்டி, இதிலிருந்து மட்டும் பதில் சொல், இதில் இல்லையென்றால் இல்லை என்று சொல் எனக் கேளுங்கள். வித்தியாசம் உடனே தெரியும். நினைவிலிருந்து ஊகிக்கச் சொல்வதைவிட, கண் முன்னால் இருக்கும் உரையை வைத்து வேலை செய்யச் சொல்லும்போது பிழை வெகுவாகக் குறைகிறது, மிச்சப் பிழையை அந்த ஆவணத்தை வைத்தே நீங்கள் பிடித்துவிடலாம். சுருக்குவதற்கு, நடையை மாற்றுவதற்கு, வரைவு எழுதுவதற்கு, ஒரு வாதத்தின் எதிர்வாதங்களைத் திரட்டுவதற்கு இப்படிப் பயன்படுத்துங்கள். சரிபார்க்க உங்களால் முடியாத, தவறினால் யாராவது பாதிக்கப்படக்கூடிய கேள்விகளை அந்தந்தத் துறை மனிதர்களிடம் கொண்டுபோங்கள்.